சொட்டு விடாத கூடாரம்

என் அத்தானுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். ஒழுகல். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். புது பஸ் வெளியே போகுமுன் அதன் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேல்தளத்தை அண்ணாந்து பார்ப்பார், அப்புறம்தான் ஆளை விசாரிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கினார். புத்தி கெட்டுப்போச்சா என்று நான் கேட்டேன். என் அக்காவும் கூடச் சேர்ந்து தலையாட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, நிமிர்ந்தால் தலை இடிக்கிற குளியலறை. ஆறு வருஷமாக அதுதான் வீடு. சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரும் கரையில் இருந்ததைவிட அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

வேலையைப் பங்கு பிரித்திருந்தார்கள். பாய், கயிறு, நங்கூரம் எல்லாம் அத்தான். ஸ்டியரிங் அக்கா. டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷம் கற்றுக்கொடுத்தவள். எதிரே லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களோடு குப்பை கொட்டியவளுக்குக் கடல் ஒன்றும் பெரிசில்லை. படகின் பின்பக்கம் ஸ்டியரிங் இருக்கிற பள்ளமான இடத்துக்கு முன்னால் ஒரு கேன்வாஸ் தடுப்பு மட்டும் இருந்தது. தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் திறந்தவெளி. மழை வந்தால் அவள் நனைவாள்.

போன மழைக்காலத்தில் அப்படி நனைந்துதான் நுரையீரலில் சளி கட்டி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படிப் படுத்தால் படகை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறுநாளே அத்தான் போய் வளைகுழாய்களும் கேன்வாஸ் சுருளும் வாங்கிவந்தார்.

நான்கு மாதம் அந்த வேலைதான். பழைய தடுப்பைப் பிரித்து, குழாய் வளைவுகளை ஒரு சாண் உயர்த்தி, கூரையை ஸ்டியரிங்கைத் தாண்டிப் பின்னால் வரைக்கும் இழுத்தார். முன்னால் கண்ணாடி மாதிரித் தெரிகிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட், மூன்று துண்டு. தையல் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் பசை. பக்கங்களையும் பின்புறத்தையும் கேன்வாஸால் மூடி, ஒரு பக்கம் மட்டும் ஒரு துணிக்கதவு. தண்ணீர் வழிந்து உள்ளே போகாமலிருக்க அதன் பித்தான்களை வெளிப்பக்கம் வைத்தார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நடுவில் இருக்கிற ஷீட்டுக்கு ஜிப் வைத்து, சுருட்டி மேலே கட்டுகிற மாதிரிச் செய்துகொடுங்கள் என்றாள். ஜிப் இருக்கிற இடத்தில் தண்ணீர் நுழையும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். எந்த பஸ்ஸிலாவது முன்கண்ணாடியைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்முன்னால் வந்து நின்றது அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான். அத்தான் சொல்வதுதான் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளோட்டத்துக்கு மழைநாளாகப் பார்த்துக் காத்திருந்தார் மனுஷன். வானம் கறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அத்தான் கூரையின் ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அக்காவின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துதான் இருக்கிறது என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே வயிறு குளிர்ந்தது.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. பாயை இறக்கி என்ஜினில்தான் வந்தோம். துறைமுகத்து வாசல் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே, இரண்டு படகு உரசாமல் போகிற அகலம். அத்தான் கயிறு பிடிக்க முன்னால் போனார். போகும்போது, உள்ளே இருந்த எங்கள் இரண்டு பேர் மேலும் சாரல் அடிக்கக்கூடாதென்று கதவின் பித்தான்களை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனார்.

முதலில் ஷீட்டின் ஓரங்கள்தான் மங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப்பக்கமும் வெள்ளையாகிவிட்டது. மழையில்லை, எங்கள் மூச்சுதான். காற்று போக ஒரு பொட்டு இடம் விடவில்லையே அவர். அக்கா உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த கை விலகுமுன் மறுபடி மூடிக்கொண்டது. நான் துண்டை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"சுவரு எந்தப் பக்கம் தெரியுது?" என்றாள் அக்கா.

எனக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். நிறுத்தலாமே என்றேன். நின்றால் காற்று கொண்டுபோய்க் கல்லில் சாத்திவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கதவைத் திறக்கப் போனேன். பித்தான் வெளியே. துணியைப் பிடித்து இழுத்ததில் என் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அத்தான் தைத்தது கிழியுமா? இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அந்தக் காற்றில் அவர் காதில் எதுவும் விழவில்லை. கூண்டில் அடைபட்டவர்கள் மாதிரி நின்றோம், அக்கா மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

படகு கோணலாகப் போவதை வைத்துத்தான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும். மேல்தளத்தில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளை ஷீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல். அடுத்த நொடி கத்தி முனை உள்ளே வந்தது. மேலிருந்து கீழே, அப்புறம் குறுக்கே. நான்கு மாத வேலையை இரண்டு இழுப்பில் அறுத்து, ஷீட்டைப் பிய்த்துக் கடலில் எறிந்தார். மழை அப்படியே அக்காவின் முகத்தில் அறைந்தது. எதிரே பச்சைப் பாசி பிடித்த கல், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். அக்கா ஸ்டியரிங்கை ஒடித்தாள். பின்பக்கம் எதிலோ கிறீச்சென்று உராய்ந்தது. உள்ளே வந்துவிட்டோம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

படகைக் கட்டியதும் அத்தான் ஓடிவந்து அக்காவின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். அவர் துவட்டிய வேகத்தில் பாதித் துண்டு அவள் மூக்கில்தான் பட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஜிப் வேண்டாம் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மூன்று நாள் அத்தான் வெப்பமானியும் கையுமாக இருந்தார். நான்காம் நாள் டாக்டர் அக்காவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, வெறும் ஜலதோஷம்தான், போங்கள் என்றார். படகுக்குத் திரும்பியதும் அத்தான் அந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். அழுதுவிடுவாரோ என்று இருந்தது.

"வித்துடலாம்," என்றார். "நீ நனையக் கூடாதுன்னு பாத்து உன்னைக் கொன்னுருப்பேன். இது எனக்குச் சரிப்படாது."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, இத்தனை பஸ் கட்டினீர்களே, எந்த டிரைவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் யோசித்தார். கேட்டதில்லை என்றார். யார் ஓட்டப் போகிறார் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாதாம். வண்டி போய்விடும், அவ்வளவுதான்.

"இத யாரு ஓட்டப்போறான்னு தெரியும்ல," என்றாள் அக்கா.

எழுந்துபோய் ஸ்டியரிங்குக்குப் பின்னால், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள். புது ஷீட்டை எடுத்து வளைவில் பிடிக்கும்படி என்னிடம் சொன்னாள். அத்தான் மார்க்கர் பேனாவோடு வந்து எதிரே நின்றார். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று, அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் குனிந்து பார்த்து, ஜிப்புக்குக் கோடு போட்டார்.