சாரல் நனைக்காத சீட்டு

பாராதைராய்டு என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே யாருக்கும் விளங்காது. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சுரப்பிகள். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான். ரத்தத்தில் கால்சியம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அவற்றை ஆராய்வது என் வேலை. அந்தச் சுரப்பியில் கட்டி வந்த நோயாளி அரிதாகத்தான் கிடைப்பார். கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. பிறத்தியார் நோயில் சந்தோஷப்படுகிற தொழில் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

சென்ற குற்றால சீசனில் அந்த அக்காவைக் கண்டபோதும் சந்தோஷம்தான் பட்டேன். ஐந்தருவிப் பாதையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பவர். தென்காசியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வாந்தியும் மயக்கமுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, பெற்ற மகளின் பெயரே மறந்துபோகிறது என்றார்கள். கால்சியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. கட்டிதான், சந்தேகமே இல்லை என்று சக மருத்துவர்களிடம் மார்தட்டினேன். ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்புகூட மனதில் ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி இருந்தால் எகிறியிருக்க வேண்டிய பாராதைராய்டு ஹார்மோன் அடிமட்டத்தில் கிடந்தது. சுரப்பிகள்மேல் குற்றமில்லை, உள்ளே போன ஏதோ ஒன்றுதான் கால்சியத்தை ஏற்றியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. எவனோ போலி வைத்தியன் கைவரிசை என்று முடிவுகட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். சலைன் ஏறியதில் அக்கா கொஞ்சம் தெளிந்திருந்தார்.

"யாருகிட்ட என்ன மருந்து வாங்கிச் சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லுங்கக்கா" என்றேன், அதட்டலாகவே.

"கண்டதயும் திங்க மாட்டேன் டாக்டரம்மா. முட்டுவலிக்கு ஊசி மட்டுந்தான். அதுக்கும் சீட்டு வச்சிருக்கேன்லா."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லேமினேட் செய்த தாள். வாங்கிப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அடியில் இருந்தது என் கையெழுத்து.

தை மாதம் குத்துக்கல்வலசையில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமில் நானே எழுதிய மருந்துச்சீட்டு அது. வைட்டமின் டி குறைவு என்று சிவப்பில் அடிக்கோடு. கீழே ஊசியின் பெயர், ஆறு லட்சம் யூனிட். ஒரு முறைதான் போட வேண்டும் என்று வாயால் சொல்லியிருப்பேன். வரிசை நீண்டு கிடந்த அவசரத்தில் அதை எழுதவில்லை.

"எத்தனை ஊசி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மாசம் ஒண்ணு போட்டேன். சீசன் தொடங்குனதுல இருந்து வாரம் ஒண்ணு. நின்னுக்கிட்டே யாவாரம் பாக்குதோம்லா, வலி தாங்கல. சீட்டக் காட்டுனா மருந்துக்கடையில ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அங்கனயே ஊசியும் போட்டுவிட்டுருவாங்க. கடையில சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கும். நனைஞ்சிரக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணி வச்சேன்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று ஊரார் விஷயத்தில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். உடம்பின் கொழுப்பில் சேர்ந்துவிட்டது கரைய மாதக்கணக்காகும். அதுவரை அவருடைய சிறுநீரகம் தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை.

"இந்த ஊசியாலதான் உங்களுக்கு இப்படி ஆயிருக்குக்கா. தப்பு என்மேலதான். ஒரு தடவைன்னு நான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. வேறு யாரையோ காப்பாற்ற நான் பொய் சொல்வதுபோலப் பார்த்தார். பிறகு சீட்டைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். இனி இது வேண்டாம், என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

"சரி, நீங்களே வச்சுக்கிடுங்க. அவளுகட்டயுந்தான் இருக்கே."

"யாருகிட்ட?"

"எங்க வரிசையில கடை போட்டிருக்கவளுக. எல்லாவளுக்கும் முட்டுவலிதான். பாவமா இருந்துச்சு. பேரு இருக்க எடத்துல வெள்ளத்தாள ஒட்டி ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். அதயும் லேமினேட் பண்ணித்தான் குடுத்தேன்."

எத்தனை பேர் என்று கேட்டேன். அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். பாதியில் யாரோ ஒருத்தியின் பெயர் மறந்துபோயிற்று. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு கட்டைவிரலை மடக்கி, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.