ஆல்ட்டர் அக்கா பாஸ் போட்ட டேப்லெட்

அந்தச் சட்டை ஃபேக்டரியில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஆல்ட்டர் அக்கா. தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, காலர், தோள், கை, ஓரம் என்று ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்து, குறை இருந்தால் "ஆல்ட்டர்!" என்று திருத்தத்துக்குத் திருப்பிப் போடுவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக இதையே செய்கிறவளுக்குக் கண் வேறெப்படி இருக்கும்? பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையில் ஒரு பொத்தான் கோணலாக இருந்தால்கூட அன்றைக்கு முழுக்க மனசு ஆறாது. "நல்லவேளை, இவங்க கல்யாணம் பண்ணிக்கல. மாப்பிள்ளையையும் ஆல்ட்டர் போட்டிருப்பாங்க" என்று தையல் லைனில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாததன் காரணம் என்னவோ சிரிக்கிற மாதிரி இல்லை. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்கு ஏழு. அவனுக்குத் தலைவாரி விட்டதும், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், கல்லூரி வரை தள்ளிக்கொண்டு போனதும் இவள்தான். தனக்கென்று இருந்த ஒரே பைத்தியம் கதைப் புத்தகம். நாற்பதைத் தாண்டியதும் அச்செழுத்து எறும்பாக ஊர ஆரம்பித்தது. பகலெல்லாம் நூலைப் பார்த்த கண், வீட்டுக்கு வந்து நாலு பக்கம் புரட்டினால் தண்ணீராகக் கொட்டும். கண்ணாடி மாற்றியும் பிரயோசனமில்லை.

தம்பி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, புது டேப். விலை ரொம்பக் கம்மி. எழுத்தை எவ்வளவு வேணாலும் பெருசு பண்ணிப் படிக்கலாம். நீ ரெண்டு வாரம் வெச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. உன் கண்ணுக்குத் தப்புமா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம்பி தன்னிடம் அபிப்பிராயம் கேட்கிறானே!

அப்புறம் நடந்தது சாதாரணச் சோதனை இல்லை. காலை பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் வைத்துப் படித்தாள். எழுத்துக்கு நடுவே தன் முகமே தெரிந்தது, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் சமாளிக்கலாம். படுத்துக்கொண்டு படித்ததில் கை வலித்து, ஒருமுறை நேராக மூக்கில் விழுந்தது. ஸ்பீக்கர் ஒரு பக்கம் மட்டும்தான். படம் பார்க்க நீளவாட்டில் பிடித்தால் உள்ளங்கை அதை மூடிவிடும், கதாநாயகி கிணற்றுக்குள்ளிருந்து அழுவாள். சார்ஜ் ஏறுவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிடலாம். கேமராவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் எழுத்து? பளிச்சென்று இருந்தது. பின்னணியைப் பழுப்பாக்கி, எழுத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் படித்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முழு நாவல் ஒன்றை முடித்துவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு முடித்த சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள், அது வேறு.

ஃபேக்டரித் தாளிலேயே அறிக்கை எழுதினாள். பெரிய குறை இல்லை. சின்னக் குறை நாலு. படிக்க நல்லது, பாட்டும் படமும் சுமார். பாஸ். சாப்பாட்டு இடைவேளையில் அதை உரக்கப் படித்தும் காட்டினாள். அவளே பாஸ் போட்ட பிறகு வேறென்ன வேண்டும்? லைனில் பாதிப் பேர் தம்பியின் கடைக்குப் படையெடுத்தார்கள். தம்பி வாயெல்லாம் பல்லாக, "இது நீயே வெச்சுக்கக்கா" என்றான்.

வாங்கியவர்களில் பேக்கிங் அக்காவும் ஒருவர். இவளுக்கு அடுத்த மேஜை. பாஸான சட்டையை மடித்துக் கவரில் போடுகிறவர். நாற்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தார். பிள்ளைகள் கேலி செய்தார்கள், கணவர் கண்டுகொள்ளவில்லை. பாடமெல்லாம் டேப்பில் இறக்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் இடைவேளையிலும் படிப்பது அவருடைய திட்டம்.

மூன்றாவது வாரம் அவர்தான் முதலில் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"ஏம்மா, எனக்குத்தான் கண்ணு போச்சோ என்னவோ. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. மத்தியானமே அணைஞ்சும் போயிடுது."

"வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சிருப்பீங்க அக்கா. குடுங்க, நான் சரி பண்றேன்" என்று வாங்கினாள்.

வெளிச்சம் முழுசாகத்தான் இருந்தது. அப்படியும் எழுத்து மை தீர்ந்த பேனாவால் எழுதியதுபோல் சாம்பலாகக் கிடந்தது. கொஞ்சம் சாய்த்தால் திரை கறுத்தது. பக்கம் புரட்டினால் பழைய வரி ஒரு நொடி ஒட்டிக்கொண்டு நின்றது. தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதே பாடத்தைத் திறந்தாள். முதுகு ஒன்றுதான், நிறம் ஒன்றுதான். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் திரையின் ஓரத்தை அளந்தாள். கறுப்புக் கரை கால் அங்குலம் அதிகம். மறுநாள் அவரை அட்டைப் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னாள். பிசிறு வெட்டும் கத்தரி முனையால் அதன் லேபிளை நெம்பினாள். அடியில் இன்னொரு லேபிள், அதில் வேறு மாடல் எண்.

ஃபேக்டரியில் ஒரு லாட் சட்டைக்கு மொத்தமாகப் பாஸ் போடும்போது, சூப்பர்வைசர் நீட்டுகிற சட்டையை அவள் கையால்கூடத் தொடமாட்டாள். அட்டைப்பெட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியிலிருந்து தானே உருவுவாள். நீட்டுகிற பீஸ் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்ட சங்கதி. தம்பி நீட்டியதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாளே! வேறொரு கடைக்காரன் வந்து நீட்டியிருந்தால் குடோனைத் திற என்றிருப்பாள்.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். தம்பி அவளைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"எனக்குக் குடுத்தது வேற, அவங்களுக்குக் குடுத்தது வேறயாடா?"

"சத்தம் போடாதக்கா. பழைய ஸ்டாக் தேங்கிப் போச்சு. முதலாளி என் தலையில கட்டிட்டாரு. வித்தாத்தான் மேனேஜர் போஸ்ட்னு சொன்னாரு."

"அதுக்கு என் தலையா கிடைச்சுது உனக்கு?"

"உனக்கு என்ன நஷ்டம்? உன்னோடது நல்ல பீஸ்தானே. உன் லைன்ல யாரு படிக்கப் போறா? எல்லாம் சீரியல் பாக்கறதுக்குத்தானே."

அவன் இன்னும் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னான்.

"அதோட, நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையேக்கா. நல்லாருக்குன்னு சொன்னது நீதானே."

முன்பின் தெரியாதவன் ஏமாற்றினால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். இவனுக்கு முதல் எழுத்து எழுதக் கை பிடித்துக் கொடுத்தவள் அவள். ஊரெல்லாம் அவள் வாக்கை நம்புகிறது என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் அதை எடுத்து விற்றிருக்கிறான். திருப்பி எடுத்துக்கொள் என்றதற்கு, ஏழு நாள் தாண்டிவிட்டது, கடை விதி என்றான். "எனக்குத் தம்பி இல்லடா இனிமே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டாள்.

மறுநாள் இடைவேளையில், அறிக்கை படித்த அதே பெண்களின் முன்னால் எழுந்து நின்று உள்ளது உள்ளபடி சொன்னாள். வேறு மாடல், மாற்றி ஒட்டிய லேபிள், செய்தது தன் தம்பி. கடை மேல் புகார் கொடுக்கத் தானே முன்னால் வருவதாகவும், தம்பிக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னாள். ஒவ்வொருத்தியாகச் சாப்பாட்டு டப்பாவை மூடினார்கள். பின்வரிசையில் ஒருத்தி, யாரிடமோ சொல்வதுபோல், "தம்பிக்கு மேனேஜர் வேலை, அக்காவுக்கு நல்ல டேப். நமக்குத்தான் நாமம்" என்றாள்.

எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ண வாயெடுத்தாள். கையில் அந்த ஓசி டேப் இருந்தது. சத்தியத்தை விட்டுவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு பேக்கிங் அக்காவின் மேஜைக்குப் போனாள்.

"அக்கா, இதை நீங்க எடுத்துக்கங்க. என்னுதெல்லாம் அழிச்சிட்டேன். உங்க பாடம் பூரா ஏத்தியிருக்கேன்."

"வேணாம்மா. உன் கண்ணுக்கு?"

"பரீட்சை உங்களுக்குத்தானே? வாங்கிக்கங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் பேக்கிங்குக்கு வந்த இந்தப் பதினோரு வருடத்தில் இவள் கையிலிருந்து அந்த மேஜைக்குப் போன சட்டை லட்சக்கணக்கில் இருக்கும். ஒன்றைக்கூட அவர் விரித்துப் பார்த்ததில்லை. இவள் பாஸ் என்றால் அப்படியே மடித்துக் கவரில் போடுவார், பேச்சைக்கூட நிறுத்தாமல்.

இன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பினார். திரையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். பாடத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, நாலைந்து பக்கம் புரட்டினார். கறுப்புக் கரையை விரலால் தடவினார். பிறகு திருப்பி, முதுகில் லேபிள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார்.

பக்கத்தில் ஆல்ட்டர் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கிறவரை நின்றாள்.