மெகராஜ் பேகம் கட்டும் பாலம்

ஈர்க்குச்சியைக் காதோரம் வைத்து வளைத்துப் பார்க்கிறாள் மெகராஜ் பேகம். சடக்கென்று ஒடிந்தால் அடுப்புக்குள் போகும். வளைந்து கொடுத்தால் பாலத்துக்கு. வத்திராயிருப்புத் தென்னை ஈர்க்கு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணித்தான் கொடுத்தார். "அவரு சத்தியத்தை வச்சுப் பாலம் கட்ட முடியுமாண்ணே?" என்கிறாள் என்னிடம். நான் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் வீட்டு மோரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. துணிச் சுருளை யாராவது நீட்டினால், நீட்டியவர் காட்டும் இடத்தை மட்டும் தொடவே மாட்டாள். "மேல்சுத்து எப்பவும் நல்லாத்தான் இருக்கும். உள்சுத்தைக் காட்டுங்க." உள்ளே கையை விட்டு உருவி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துக் கிழிப்பாள். காய்கறிக் கடையிலும் அதே கைதான். கூறின் அடியில் கிடக்கும் கத்தரிக்காயைத்தான் முதலில் எடுக்கும்.

தொண்ணூற்றிரண்டில் தெருமுனை ஓடைமேல் கட்டிய சின்னப் பாலம் முதல் மழையிலேயே உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கட்டினார்கள். அவள் நம்பவில்லை. இன்றும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கித்தான் நடக்கிறாள். "அது எப்படித்தான் நிக்குதுன்னு நாமளே கட்டிப் பாப்போம்" என்று மகள்கள் நூர்னிசாவையும் பரீதாவையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்த்திக்கொண்டாள். ஈர்க்கு, மைதாப் பசை, மூட்டில் சுற்றக் கம்பெனிக் கழிவுத்துணி. இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பாலம், அதில் தொங்கும் வாளி, வாளியில் செம்பு செம்பாகத் தண்ணீர். பாலம் முறிந்து வீடெல்லாம் வெள்ளமானால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவள் மட்டும் ஒடிந்த மூட்டைக் கையில் எடுத்து, "நான் சொல்லல?" என்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி வந்தது. பாலம் கொண்டு வந்தால் அதில் கல் ஏற்றிப் பார்ப்பார்களாம். எட்டாம் வகுப்பு நூர்னிசா பள்ளி விட்டு வந்து தலை நிமிராமல் இரண்டு பாலம் கட்டினாள். ஒன்று கொண்டு போக. இன்னொன்று அம்மா ஒடித்துப் பார்க்க. முந்தின நாள் காலையில், ஒடிக்க வேண்டியதை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். நீட்டியதுதான் தப்பாகிவிட்டது.

"நீ குடுக்கிற சாம்பிளு எனக்கு வேண்டாம். அந்தா, அதை எடு."

"அம்மா, அது கொண்டு போறதும்மா! பாத்துப் பாத்து ஒட்டுனது. இது அவசரத்துல செஞ்சது."

"பொறவு எதுக்குட்டி பயப்படுதே?"

வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "விடு தாயி, பிள்ளை சொல்லுதுல்ல" என்றேன்.

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே. சரக்குக் கொண்டு வாரவங்க அம்புட்டுப் பேரும் இப்படித்தான் சொல்வாங்க."

வாளி நிரம்பித் தளும்பியது. பாலம் அசையவில்லை. நிறுத்தியிருக்கலாமே! வாளியைச் சுற்றிப் பார்த்தாள், எங்கேயாவது ஓட்டை இருக்குமாம். ஓட்டை இல்லை. போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்து வாளிக்குள் இறக்கினாள். பாலம் நடுவில் முறிந்தது.

நூர்னிசா அழவில்லை. தண்ணீரில் மிதந்த குச்சிகளைப் பொறுக்கினாள். "துணிக்காரங்க மாதிரி என்னையுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மெகராஜ் பேகம் ஒடிந்த இடத்து மூட்டை எடுத்துப் பார்த்தாள். பசை விடவில்லை, துணி பிரியவில்லை. ஈர்க்குதான் முறிந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது எனக்கு. மிச்சமிருந்த பாலத்தை அன்று முழுவதும் அவள் தொடவே இல்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நானும் இருந்தேன். நல்ல கூட்டம். நூர்னிசா ஜன்னலோரம், பக்கத்தில் தாய், தாயின் மடியில் அவசரத்தில் செய்த அந்தப் பாலம்.

"இந்தக் குச்சியெல்லாம் கல்லைத் தாங்குமாம்மா?" என்று சிரித்தார் கண்டக்டர்.

"எம்மவ கட்டுனது. தாங்கும்."

டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். மெகராஜ் பேகம் எழுந்தாள். பாலத்தைத் தன் சீட்டில் மெல்ல வைத்தாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குறுக்கே நீட்டி யாரையும் அண்டவிடாமல், நின்றுகொண்டே வந்தாள்.