குத்துவிளக்கு வெளிச்சத்துக்கு ஒரு கேமரா

இருட்டிலும் வீடியோ எடுக்கிற மாதிரி, விலை கட்டுப்படியாகிற கேமரா ஒன்று சொல்லுங்கள் என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். கடந்த ஆவணியில் திருப்பதியில் அப்படி ஒன்றை வாங்கினேன். கேமரா நன்றாகவே இருக்கிறது. நான் நடந்துகொண்டதுதான் நன்றாக இல்லை. எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு அதுவே காரணம்.

வாங்க வைத்தவள் புவனா. என் கணவரின் பெரியப்பா மகனுடைய மூத்த பெண். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்தில் வீடு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு போன் செய்தாள்.

"சின்னம்மா, மண்டபத்துக்கு ஸ்டுடியோக்காரு வராரு. நலங்குக்கு மட்டும் வரமாட்டாராம். லைட்டு இல்லாம எடுத்தா வராதுன்றாரு. நீங்க எடுங்க. அம்மா பாடறது அதுல வரணும்."

அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. நலங்கு முடியும்வரை கூடத்தில் மின்விளக்கு போடமாட்டார்கள், இரண்டு குத்துவிளக்குகள்தான். அவள் அம்மா தேவகி அக்கா பாதி தமிழும் பாதி தெலுங்குமாக ஒரு பாட்டு பாடுவார். நலங்குக்கு மட்டும்தான் பாடுவார்.

சென்னை மாதவரத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறி, பத்து மணிக்குத் திருப்பதி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பழைய கேமரா விற்கும் கடை. என் கையில் நாற்பதாயிரம் இருந்தது. கடைக்காரர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "கேமரா பாடிக்கு எதுக்கு மேடம் அவ்ளோ டப்பு? லென்ஸ் மேல போடுங்க." பின்கட்டில் விளக்கை அணைத்துவிட்டு அங்கிருந்த அட்டைப்பெட்டிகளை வீடியோ எடுத்துப் பார்க்கச் சொன்னார். நீங்களும் அப்படியே சோதித்து வாங்குங்கள். ஐந்தாறு வருடம் பழைய, ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமராவும், குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற எஃப் 1.8 லென்ஸும் சேர்த்து முப்பத்தாறாயிரத்துக்கு முடிந்தது.

அங்கிருந்து புத்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். புத்தூரில் பேருந்து மாறினால் பதின்மூன்று கிலோமீட்டரில் கார்வேட்டிநகரம். இப்போது ஆந்திராவில் பெண்களுக்குப் பேருந்து இலவசம் என்று கெத்தாக உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்நாடாம்மா? அப்போ உனக்கு ஃப்ரீ லேது. டிக்கெட் எடு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த சின்ன அவமானம் அதுதான்.

மாலை ஏழு மணிக்கு நலங்கு. புவனாவை மணையில் உட்காரவைத்து, பெண்கள் ஒவ்வொருவராக மஞ்சள் பூசினார்கள். தேவகி அக்கா பாட ஆரம்பித்தார். நான் முக்காலியில் கேமராவை வைத்து, திரையில் குனிந்திருந்தேன். விளக்குச் சுடர் பளீரென்று வந்தது. புவனாவின் முகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவர் போனில் அழைத்து, எப்படி வருகிறது என்றார். இயர்போனில் தாழ்ந்த குரலில் சொன்னேன்:

"எங்கங்க வருது? கூடமும் இருட்டு, பொண்ணும் கறுப்பு. மஞ்சள் பூசினா கொஞ்சம் தெரிவாளான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

உண்மையில் அவள் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுடர் சட்டகத்துக்குள் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து மற்றதை இருட்டாக்கிவிடும். நான் தானியங்கியில் விட்டிருந்தேன். கேமராவில் வெளிச்சத்தைக் கையால் இரண்டு படி ஏற்றியதும் அவள் முகம் மஞ்சளும் வியர்வையுமாக அத்தனை அழகாக வந்தது.

அந்தப் பெருமையில்தான் மறுநாள் காலை, நானே கேபிளை எடுத்து அவர்கள் டிவியில் செருகினேன். கூடம் நிறைய உறவினர்கள். புவனாவின் தங்கை மாலினி ரிமோட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தேவகி அக்காவின் குரல் வந்ததும், "அக்கா, நீ சினிமாவுலயே பாடலாம்" என்று யாரோ கேலி செய்தார்கள். அடுத்து என் குரல் வந்தது. கேமராவின் மைக்குக்கு மிக அருகில் இருந்தது என் வாய்தான். பாட்டைவிடச் சத்தமாக, சிரிப்போடு சேர்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டது.

மாலினி ரிமோட்டை அமுக்கினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

புவனாவின் அத்தைதான் வாய் திறந்தார். "கலரு பாக்கறதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து கேமரா எத்துக்கினு வந்த?"

தேவகி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா இரு அண்ணி. வசந்தி, தோசை ஆறிப் போவுது. துன்னுட்டு வந்து பாக்கலாம், வா."

தோசையைச் சாப்பிட்டு எழுந்தேன். கைகழுவும் இடத்தில் புவனாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க சின்னம்மா. அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க. மாப்ள வீட்ல காட்டணும். அங்க ஏற்கெனவே என் கலரப் பத்தி ஒரு பேச்சு வந்து அடங்கிக்குது."

கல்யாணம் முடிந்து சென்னை வந்து எத்தனையோ முறை முயன்றேன். என் குரலும் பாட்டும் ஒரே ஒலித்தடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் அந்த இடத்தில் ஒலியை முழுவதும் எடுத்துவிட்டேன். புவனாவின் கன்னத்தில் மஞ்சள் ஏறுகிறது, அவள் அம்மாவின் உதடுகள் அசைகின்றன, சத்தமில்லை.

அக்காவை அழைத்து, அந்த இரண்டு வரியை மட்டும் போனில் பாடி அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"நலங்கு முடிஞ்சப்புறம் அத பாடக்கூடாதும்மா. மாலினிக்கு வைக்கறப்ப பாடுவேன். அப்ப வந்து எடுத்துக்கோ."

உங்களுக்கு என் யோசனை: கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றாயிரத்தை ஒதுக்கி, பாடுகிறவர் அருகில் வைக்க ஒரு தனி மைக் வாங்குங்கள். சுடர் இருந்தால் வெளிச்சத்தைக் கையால் அமையுங்கள். எடுத்ததைப் பிறருக்குக் காட்டுமுன் ஒருமுறை தனியாகக் கேளுங்கள்.

மைக் வாங்கிவிட்டேன். அக்கா கூப்பிட்டால் போவேன். ஆனால் மாலினி புவனாவைவிடக் கறுப்பு. அன்று காலை டிவிக்கு முன்னால், எல்லோரையும்விட அருகில் உட்கார்ந்து கேட்டவள் அவள்தான்.