கோப்பை கொடுத்த பிறகு வந்த நிகழ்ச்சி

கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்த கையோடு டிவிக்காரர்கள் எதையாவது ஒன்றை நம் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு முறை புது சீரியலின் முதல் நாள். இன்னொரு முறை பாட்டுப் போட்டி. ஒரு வருடம் ஒரு நகைச்சுவை நடிகன் மஞ்சள் ஹெல்மெட்டும் நீலத் தொழிலாளர் உடுப்பும் போட்டுக்கொண்டு வந்து, கல்ஃபில் கூலிக்கு வந்த எங்களைப் போல உடைந்த இந்தி பேசிச் சிரிப்புக் காட்டினான். ஆட்டம் பார்க்க உட்கார்ந்த கூட்டம் உடனே எழுந்து போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். சோம்பலில் உட்கார்ந்திருப்பவன் முன்னால் எதை வைத்தாலும் தின்றுவிடுவான் என்பது அவர்கள் நினைப்பு. அப்படி வைத்த ஒன்றை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அப்போது நான் ஷார்ஜா பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தொழிலாளர் கேம்ப் அறையில் என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் பெரம்பலூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். சாரம் கட்டும் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் ஊருக்குப் போய் நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு முறை லீவு கிடைத்து டிக்கெட் போடும் நேரத்தில், வேறு அறைக்காரன் ஒருவனின் தகப்பனார் இறந்துபோனார். "அவன் போகட்டும், நான் அடுத்த மாசம் போய்க்கிறேன்" என்று விட்டுக்கொடுத்தார். அடுத்த மாதம் வேலை நெருக்கடி என்று கம்பெனி நிறுத்திவிட்டது. அப்படியே தள்ளிப்போனது. அவர் கிளம்பி வந்தபோது கையைப் பிடித்து நடந்த மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. தினமும் டூட்டி முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன்பே, அவளோடு வீடியோ காலில் பேசுவார். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள், அவர் "ம்" கொட்டுவார்.

இறுதி ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு லீவு நாளில், இந்தியில் ஒளிபரப்பும் ஒரு சேனலிலிருந்து கேமராவோடு வந்தார்கள். ஒருங்கிணைப்பாளன் சென்னைப் பையன். ரொம்ப நாள் ஊருக்குப் போகாத ஆள் யார் என்று கேட்டிருக்கிறான். கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் இவரைக் காட்டிவிட்டார்.

"அண்ணா, உங்க பொண்ணோட உங்கள பேச வெக்கிறோம்ணா."

"தெனமும்தான் பேசுறேனே தம்பி."

"இது பெரிய ஸ்க்ரீன்ணா. முடிவுல ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

அவருக்கு விருப்பமில்லை. கம்பெனி பெயர் டிவியில் வரும், முதலாளிக்குச் சந்தோஷம் என்று கேம்ப் பாஸ் முதுகில் தட்டினார். அவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மெஸ் ஹாலில் உட்கார்ந்தார். துணைக்கு நானும் போய்ச் சுவரோரமாக நின்றேன்.

திரையில் மகள் வந்தாள். திருச்சியில் எங்கோ ஒரு ஸ்டுடியோ. பளபளவென்று ஒரு கவுன், கன்னத்தில் பவுடர். அவர் முகம் மலர்ந்தது. அங்கிருந்த பெண், "அப்பாகிட்ட பேசுறியாம்மா?" என்று கேட்டாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கு அப்பா வேணாம். அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

முந்தின நாள் மாலைதான் அரைமணி நேரம் பேசியிருந்தாள்.  அவர் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். பிறகு அழுதார். பெரிய ஆண்கள் அழும்போது வருமே ஒரு சத்தம், கேட்பவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாத சத்தம், அது வந்தது. ஹாலில் மைக்கோடு நின்ற சேனல் தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். கேமராக்காரன் மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேரே நெருங்கினான். வேண்டிய அளவு அழுது முடித்தார் என்று தோன்றியதும், பட்டென்று வண்ணக் காகிதம் பறந்தது. எல்லாம் விளையாட்டுக்கு என்றார்கள். குழந்தை, "சும்மா சொன்னேம்ப்பா" என்று ஒப்பித்தது. ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த விமான டிக்கெட் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

குழாயடியில் முகம் கழுவிவிட்டு நேராக அந்தப் பையனிடம் போனார்.

"தம்பி, பாப்பா சொன்னதையும் நான் அழுததையும் எடுத்துடுங்க. நாளைக்கு அவ பள்ளிக்கூடம் போவணும். மத்தது எதையும் போட்டுக்கங்க."

"கண்டிப்பாண்ணா. எடிட்ல தூக்கிடுறோம்."

அவர் நம்பினார். மனைவியிடமும் போனில் அப்படியே சொன்னார்.

இறுதி ஆட்டத்தன்று மெஸ் ஹாலில் மேசைகளை ஓரம் தள்ளி, ப்ரொஜெக்டர் வைத்தார்கள். சமோசா, பாலில்லாத சுலைமானி டீ. பங்களாதேஷ், பாகிஸ்தான், நேபாளம் என்று எல்லா அறைக்காரர்களும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முதல் பாதி நல்ல ஆட்டம். இடைவேளையில் விளம்பரங்களுக்கு நடுவே திடீரென்று அவர் முகம் வந்தது. வாயில் துண்டு, கண்ணில் நீர், மெதுவாக ஓடும் படம், பின்னால் வயலின். ஆட்டம் முடிந்ததும் காணத் தவறாதீர்கள் என்றது ஒரு குரல். அடுத்து பிஸ்கட் விளம்பரம்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எடுத்துடுறேன்னானே" என்றார்.

நான் வெளியே போய் அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை கட் செய்துவிட்டு மூன்றாம் முறை எடுத்தான்.

"சேனல்ல முடிவு பண்ணதுண்ணா. ஃபைனல் முடிஞ்ச ஸ்லாட் லேசுல கெடைக்காது. அந்த அழுகைக்காகத்தாண்ணா இதையே செலக்ட் பண்ணாங்க."

பெருமையாகத்தான் சொன்னான்.

இரண்டாம் பாதியில் யார் கோல் போட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போனது. ஒருவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான், ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இவர் அழுதுகொண்டே இருக்கிறார். பந்து வலைக்குள் போகும், கூட்டம் குதிக்கும், இவர் அழுவார். அடுத்த ஆள் வருவான், இவர் மறுபடி முதலிலிருந்து அழுவார். அதைவிட அசிங்கமான ஒன்றை நான் டிவியில் பார்த்ததில்லை.

கோப்பையைக் கொடுத்தார்கள். மூச்சு விடுவதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. எதையும் எடுக்கவில்லை. அதோடு, அவர் தமிழில் பேசியதன் மேல் யாரோ ஒருவனை இந்தியில் பேச விட்டிருந்தார்கள். "பாப்பா நல்லாப் படிக்கட்டும், லீவு கெடைச்சதும் வர்றேன்" என்றுதான் படப்பிடிப்பு தொடங்கும்போது அவர் சொல்லியிருந்தார். அந்த இந்திக் குரல், நான் ஒரு பாவி, பெற்ற மகளையே மறந்து பணத்தின் பின்னால் ஓடிவந்த பாவி என்று தேம்பியது. எத்தனை வருடமாகச் சைட்டில் இந்தி கேட்டவர், புரியாமல் இருக்குமா.

"தம்பி, நான் இப்படிச் சொல்லலையே" என்றார். எழுந்தார்.

உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "பந்த் கரோ", நிறுத்து என்றார். கேம்ப் பாஸ், "பைட்டோ பாய், கம்பெனி நாம் ஆயேகா", கம்பெனி பெயர் வரப்போகிறது என்று கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். இவர் கையை உதறிவிட்டுக் குனிந்து ப்ரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சுவர் வெள்ளையாகிவிட்டது.

ஹாலில் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது அதில்லை. பின்னாலிருந்து விசில் வந்தது. "யல்லா, போடு போடு" என்று கத்தினார்கள். கோல்களை மறுபடி காட்டுவார்கள் என்று காத்திருந்த சிலர் திட்டினார்கள். அழுவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து அறைத் தமிழன் ஒருவன், "அண்ணே, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றான். ஒரு பாகிஸ்தான் கொத்தனார் மட்டும் எழுந்து வந்து, "கலாஸ், கலாஸ்", முடிந்தது விடு என்று சொல்லி அவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். சேனல்காரன் மேல் இருந்த அருவருப்பு அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் மேலும் வந்தது.

சில நாள் கழித்து அந்தப் பையன் அவரைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"டிக்கெட் ரெடிண்ணா. ஒண்ணே ஒண்ணு, ஏர்போர்ட்ல பாப்பா ஓடி வந்து உங்களக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுப்போம்."

"வேணாம் தம்பி."

"ஃப்ரீ டிக்கெட்ணா."

"அத நீயே வச்சுக்க. நீ போயி ஒங்கப்பாவப் பாத்துட்டு வா."

போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வெயில் காலம் தொடங்குவதற்கு முன் கம்பெனி லீவு கொடுத்தது. மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாமல் திருச்சியில் போய் இறங்கினார். திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னிடம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"வீட்டுக்குள்ள போறேன், பாப்பாவக் காணல. பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா. வாட்ஸப்புல பாத்துட்டுப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க 'அப்பா வேணாம்'னே அவளுக்குப் பேரு வச்சுட்டாங்களாம். நான் தரையில உக்காந்து, 'அப்பாவுக்குக் கோவம் இல்லடா, யாரு ஒன்ன அப்படிச் சொல்லச் சொன்னா'ன்னு கேட்டேன். 'அந்த அக்காதான். அப்படிச் சொன்னாத்தான் ஒங்கப்பா வருவாருன்னு சொன்னாங்க. அதான் சொன்னேன்'ங்குறா."

கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"லீவு குடுத்ததாலதான் வந்தேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் தம்பி. நம்ப மாட்டேங்குறா. நேத்துக் கெளம்புறப்ப காதுகிட்ட வந்து, 'திரும்ப வரணும்னா மறுபடியும் அப்படிச் சொல்லட்டுமாப்பா'ன்னு கேக்குறா."

 தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஒப்பந்தம் முடிந்தபோது கம்பெனி நீட்டிக்கச் சொல்லிக் கேட்டது. அவர் சம்மதிக்கவில்லை. இப்போது பெரம்பலூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். வருமானம் ஷார்ஜாவில் வந்ததில் பாதிகூட இல்லையாம். மகளைக் காலையில் சைக்கிளில் வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம்.

போன மாதம் என் அக்கா பையன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கண்ணீர் வராமல் பார்க்க முடியாது என்று மேலே எழுதியிருந்தது. திறந்தால், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அவர். யார் இது என்று கேட்டேன். "தெரியல மாமா, யாரோ கல்ஃப்காரரு. செமயா இருக்குல்ல?" என்று பதில் வந்தது. இதை அழித்துவிடு என்று எழுதினேன். ஏன் என்று கேட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.