மூத்திரம் கொண்டு வரச் சொன்னோம்

மற்ற தொழில்களில் சரக்கு நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் தொழிலில் அது ஓடிவிடும், துரத்திப் போனால் உதைக்கும். புதுப்பட்டினத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம் வேண்டுமென்றால் ஊசியால் எடுத்துக்கொள்ளலாம். மூத்திரம் அப்படி இல்லை. நாய், மாடு, குதிரை மனசு வைத்தால்தான் அது வரும். வந்த பிறகும் அதை எதில் பிடிப்பது என்பது வீட்டுக்காரர்களின் கற்பனையைப் பொறுத்தது. சாம்பிள் வந்த ஊறுகாய் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துத் தலைசுற்றியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மாப்பில் வந்த சாம்பிள்

நெம்மேலி பக்கத்து அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஒரு பெண் தன் பக் நாய்க்குட்டியோடு வந்தார். குட்டி அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது, கிருமித் தொற்றோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மறுநாள் சாம்பிள் கொண்டு வரச் சொன்னோம். சொன்னபடி பெரிய பாட்டில் நிறையக் கொண்டுவந்தார். எனக்கு அப்போதே உறுத்தியது. அந்தக் குட்டியின் மொத்த உடம்பே அவ்வளவு இருக்காது.

மூடியைத் திறந்தேன். எலுமிச்சை வாசனை. நுரை வேறு. சோதனைப் பட்டையை நனைத்தால் எந்த நோயிலும் வராத ஒரு நிறம் வந்தது. "எப்படிம்மா பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "ஹால்ல போயிடுச்சு. மாப் போட்டு பக்கெட்ல பிழிஞ்சு எடுத்தேன்" என்றார். அது தரை கழுவும் திரவம், குட்டியின் மூத்திரம் அல்ல என்று பொறுமையாக விளக்கினேன். சுத்தமான கிண்ணத்தில், குட்டி போகும்போதே பிடிக்க வேண்டும் என்று கையால் செய்தும் காட்டினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பெட்ரூம்ல போனதை வெறும் தண்ணில தான் துடைச்சேன் மேடம். அந்த பக்கெட்ட இன்னும் கொட்டல, எடுத்துட்டு வரட்டுமா?"

பாதுஷாவுக்கு விசில்

மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவர் பாபு. அவருடைய குதிரை பாதுஷா வெயிலில் அலைந்து ஒருநாள் விறைத்து நின்றுவிட்டது. தசை கெட்டிருந்தால் மூத்திரம் கறுத்து வரும், நிறத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் என்னை அனுப்பினார். நீளக் குச்சியின் நுனியில் மக் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"விசில் அடிச்சா போயிடும் மேடம், பழக்கி வெச்சிகீறேன்" என்றார் பாபு. அடியுங்கள் என்றேன். வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் இல்லை. பாதுஷாவே ஒருமுறை உதைத்துத் தள்ளியிருக்கிறது. ஆக, விசில் என் பொறுப்பு. சுடிதார் போட்ட ஒருத்தி குதிரையின் வயிற்றுக்கடியில் மக்கை நீட்டிக்கொண்டு விசிலடிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. செல்போன்களைத் தூக்கினார்கள். பாதுஷா மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கை வலித்துக் குச்சியைக் கீழே போட்டேன். அந்த நேரம் பார்த்து, ஆழத்துக்குப் போன பையன்களைக் கரைக்குக் கூப்பிடப் போலீஸ்காரர் ஒருவர் விசிலை ஓங்கி ஊதினார். பாதுஷா கால்களை அகட்டியது. நான் பாய்ந்து மக்கை எடுத்துப் பிடிப்பதற்குள் பாதி என் செருப்பில். மீதியைப் பிடித்துவிட்டேன். கலங்கல் மஞ்சள். குதிரைக்கு அதுதான் சரியான நிறம். வெறும் அசதிதான், ஓய்வு கொடுத்தால் போதும் என்று தெரிந்ததும் பாபுவுக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரம் என்னை ஊத விட்டீர்களே என்று கத்தினேன்.

"அது போலீஸ் விசிலு மேடம், அதக் கேட்டா எனக்கே வந்துடும்" என்றார்.

கிரகப்பிரவேசம்

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். கோபால் என்பவரின் சீமைப்பசு காய்ச்சலில் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. காலையில் முதல் மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். மனுஷர் வந்தார். வெறுங்கையோடு.

"சாம்பிள் எங்கே?"

"பக்கத்து வூட்டுல கீது."

பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் அன்று புதுமனை புகுவிழா. கோமியம் வேண்டுமென்று இவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தவர்கள், தங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குள் அவர் போன் அலறியது. பக்கத்து வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது: "இன்னாடா குடுத்து வெச்ச? காப்பி டிகாஷன் மாதிரி கீது! வெள்ளை டைல்ஸு பூரா கறை!"

போனைப் பிடுங்கி, "என்ன நிறம், திரும்பச் சொல்லுங்க" என்றேன். காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறி, ரத்தமே உடைந்து மூத்திரத்தில் போகும். தாமதித்தால் மாடு பிழைக்காது. டாக்டர் உடனே வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். காது நுனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் சந்தேகம் உறுதியானது. ஊசி போட்டார். கோபாலின் மனைவி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றார். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்தப் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பசு எழுந்து வைக்கோலை இழுத்தது. டாக்டரோடு பார்க்கப் போனபோது அந்த வீட்டாரைவிட அதிக ஆவலாக மதிலுக்கு அந்தப்பக்கம் ஒருவர் காத்திருந்தார்.

"மாடு பொழச்சிக்கினது சந்தோசம் நைனா, எங்க வூட்டுக்கு இன்னா ஊசி போடப் போறீங்க?"

ராஜா

கடப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் மீன்கூடையோடு வந்தார் மீன் விற்கும் லட்சுமி. கூடைக்குள் ராஜா என்ற கடுவன் பூனை. முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. முக்கி முக்கிக் கத்திக்கொண்டே இருக்கிறது. நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மூத்திரம் இல்லாம போனா உள்ளயே வுட மாட்டாங்கன்னு மருந்துக்கடைல சொன்னாங்க. நாள் பூரா அது பின்னாடியே கொட்டாங்கச்சிய வெச்சிகினு சுத்தினேன்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போக முடியாததுதான் நோயே. அதற்குச் சாம்பிள் தேடி ஒரு நாள் போய்விட்டது.

வயிற்றைத் தொட்டால் உள்ளே பந்து போல் கெட்டியாக இருந்தது. உடம்பு சில்லிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாயை நுழைக்கப் பார்த்தார். மூத்திரத்து உப்பு மணல் மாதிரி இறுகி அடைத்திருந்தது, நுழையவில்லை. உப்புநீரைப் பாய்ச்சி மறுபடியும், மறுபடியும் முயன்றார். கதவோரத்தில் லட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். "புருஷன் போனப்புறம் வூட்ல எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்" என்று கூடையை இறக்கும்போதே சொல்லியிருந்தார். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி குனிந்தேன். அடைப்பு திடீரென்று விட்டது. கிண்ணத்தைத் தாண்டி, என் கண்ணாடி, நெற்றி, தலைமுடி என்று பீய்ச்சி அடித்தது. ராஜா அப்புறம் சில நாள் குழாயோடு எங்களிடமே இருந்து, என்னை இரண்டு முறை பிறாண்டிவிட்டு நலமாக வீடு திரும்பியது. அந்த முதல் நிமிஷத்தில் லட்சுமி அழுதுகொண்டே சிரித்தபடி கத்தியதை மறக்க முடியாது:

"அதான் மேடம் சாம்பிளு! புடிச்சிக்கோங்க, வுட்றாதீங்க!"

டைகருக்கு என்ன சாப்பாடு?

ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை, 'டைகர், நாய்' என்று எழுதி ஒட்டிய பாட்டிலைக் கொடுத்தார். பட்டையை நனைத்ததும் சர்க்கரைக் கட்டம் கரும்பழுப்பாகிவிட்டது. அதைவிட மோசமாக, சர்க்கரை முற்றினால் உடம்பில் சேரும் நஞ்சைக் காட்டுகிற கீட்டோன் கட்டம் கருஞ்சிவப்பு. இந்த நிலையில் எந்த உடம்பும் அதிக நேரம் தாங்காது.

"நாயை உடனே கூட்டிட்டு வாங்க."

"வராது மேடம். வேலைக்குப் போய்கீது."

"நாய் வேலைக்குப் போயிருக்கா?"

"வாட்ச்மேன் வேலைதான்."

என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இட்லி வடகறி, மத்தியானம் பிரியாணி, ராத்திரி பரோட்டா என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு போனவர், "கூட ஒரு குவாட்டரு" என்று முடித்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் தண்ணீர் கேனிலிருந்து டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு வாங்கியது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, உங்க வூட்ல நாய் இருக்குதா?"

தலையைக் குனிந்துகொண்டார். இல்லை. டாக்டர் திட்டிய திட்டு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். திட்டிக்கொண்டே அவரைத் தன் காரில் ஏற்றி, செங்கல்பட்டில் மனுஷர்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார்களாம். உடம்பு தேறி, கையில் இன்சுலினோடு நன்றி சொல்ல வந்தவரிடம், மனுஷர்களுக்கென்று லேப் இருக்க எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்று சண்டைக்கே போனேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்பாவுக்கு நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமாம். அவர் ஊர் லேபில் இருப்பவனோ மச்சான் மகனாம். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"அங்க குடுத்தா ஊர் பூரா சொல்லிடுவான் மேடம், இங்க வர்றது எதுவும் வாயத் தொறந்து பேசாதுன்னுதான் வந்தேன்."

ஆக, இந்த லேபில் நான் கண்டது இவ்வளவுதான்: கொடுக்கிற நேரத்தில் பிராணிகள் எவ்வளவு படுத்தினாலும், கொடுத்ததைப் பற்றி இதுவரை ஒன்றுகூட என்னிடம் பொய் சொன்னதில்லை.