மாதாவை ஏற்றிய பிக்கப்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அதற்கு முன் ஏதோ கல் குவாரியில் ஓடியதாம். எங்கள் நிலம் கோவிலூர் ரோட்டிலிருந்து உள்ளே, கருவேலங்காட்டையும் மணல் நிறைந்த ஒரு வறண்ட ஆற்றையும் தாண்டி இருந்தது. லாரி அந்தப் பக்கம் வராது. இந்த வண்டியோ எதிலும் இறங்கி எதிலும் ஏறிவிடும்.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பாடுதான் பெரும்பாடு. அது ஓடும்போது பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஒருமுறை என் நாத்தனாரின் மூக்குத்தித் திருகு கழன்று விழுந்து, அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மீதி தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தார்.

நிலத்தை ஒட்டிய சின்ன ஊர் எங்கள் சொந்த ஊர். ஊர்க்கோயிலுக்குப் புது மாதா சுரூபம் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அறிவித்தார். மெட்ராஸில் செய்த சிலை, லாரியில் காரைக்குடி வரை வந்துவிடும். திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. என் கணவர் உடனே எழுந்தார்.

"காரைக்குடியில இருந்து நம்ம வண்டியில நான் எடுத்தாறேன் சாமி."

சாமியார் சிரித்துவிட்டார். "தம்பி, போன மாசம் உங்க வண்டியில வந்துட்டு ரெண்டு நாள் இடுப்புக்குத் தைலம் தேச்சேன். சுரூபம் சுண்ணாம்பு மாவுல செஞ்சது. மாதா முன்னாடி வந்துரும், கை பின்னாடி வரும். மாட்டு வண்டிக்குச் சொல்லியாச்சு."

கோயிலே சிரித்தது. என் கணவரின் காது சிவந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"பதினைஞ்சு நாள் இருக்குல்ல சாமி? வண்டியைச் சரி பண்ணிக் காட்டுறேன்."

"சரி, முட்டை ஒரு தட்டு ஏத்துங்க. ரோட்டுல இருந்து கோயில் வாசல் வரைக்கும் ஒண்ணுகூட உடையாம கொண்டாந்தா மாதா உங்க வண்டியிலதான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

என் கணவரின் முதல் யோசனை மணல் மூட்டை. கனம் ஏற்றினால் வண்டி மெத்தென்று போகும் என்று கேள்விப்பட்டிருந்தார். எட்டு மூட்டை ஏற்றினார். உண்மையிலேயே குலுக்கல் குறைந்தது! இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே போனோம். ஆற்று மணலில் இறங்கியதும் பின்சக்கரங்கள் பாதி வரை புதைந்து நின்றன. எட்டு மூட்டையையும் இறக்கிய பிறகுதான் வெளியே வர முடிந்தது. மூட்டையைச் சுமந்தபடியே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் குறைந்தது?

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பையிலிருந்த அடிக்கோலை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"தொட்டியில ஏறி நில்லுங்க."

அவர் ஏறினார். அளந்தேன். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

"குதிங்க."

குதித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டி அசையவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றிருந்தது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம், எங்கள் வாசலிலேயே துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. "இது டன் கணக்குல கல்லு ஏத்துறதுக்குப் போட்ட ஸ்பிரிங். நாம ரெண்டு பேரும் நாலு மிளகா மூட்டையும் அதுக்கு ஒரு பாரமே இல்ல. வளையவே மாட்டேங்குது. அது வளையலைன்னா அடி முழுக்க நமக்குத்தான். ஸ்பிரிங்கைக் குறைக்கணும்ங்க."

காரைக்குடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய ஆசாரிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அவர் குடும்பத்தில் எல்லாரும் மரவேலை, இவர் மட்டும் இரும்புக்கு வந்தவர். நாங்கள் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் ஸ்பிரிங்ல பட்டை ஏத்தச் சொல்லித்தான் வருவாக. கழட்டச் சொல்லி இன்னைக்குத்தான் டீச்சர் கேக்குறேன்."

"முடியாதா?"

"யாரு முடியாதுன்னா? வண்டி உக்காந்துருச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பிரிங் கட்டை இறக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள், ஒரு பக்கத்துக்குப் பதினொன்று. கட்டின் நடு போல்ட்டைக் கழற்றியும் அவை பிரியவில்லை. துரு அவற்றை ஒரே பாளமாக ஒட்டியிருந்தது. உளி வைத்து அடித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டை இன்னொன்றின்மேல் வழுக்கினால்தானே கட்டு வளையும்!

கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "டீச்சர், இங்குட்டு வாங்க, இதைப் பாருங்க!"

சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் பின்முனையைச் சட்டத்தோடு சேர்த்துத் தொங்கும் இரும்புக் கொக்கியைக் காட்டினார். ஸ்பிரிங் வளைந்து நீளும்போது அந்தக் கொக்கி முன்னும் பின்னும் ஆட வேண்டும். யாரோ போல்ட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி வைத்திருந்தார்கள். அது ஆடி எத்தனை வருடம் ஆயிற்றோ!

"ஸ்பிரிங்கைக் கட்டிப் போட்டுட்டு ஸ்பிரிங் வேலை செய்யலைன்னா எப்புடி?" என்றார் ஆசாரி. அதற்குப் பிறகு அவரும் எங்களில் ஒருவராகிவிட்டார். வந்த லாரிக்காரரிடம், "நாளைக்கு வாங்க, இன்னைக்கு மாதா வேலை" என்று சொல்லி அனுப்பினார்.

பக்கத்துக்கு நான்கு பட்டைகளை எடுத்தோம். மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிரீஸ் தடவி அடுக்கினார். துளைக்குள் புதிய புஷ் வளையம் போட்டு, கொக்கி தாராளமாக ஆடும்படி பூட்டினார். நான் வேறொன்றையும் கவனித்திருந்தேன். டயரில் லாரிக்கு அடிப்பதுபோலக் காற்றைத் திணித்து வைத்திருந்தார்கள். அதில் பாதியை இறக்கச் சொன்னேன்.

முதல் ஓட்டம்! கோவிலூர் தாண்டிக் காட்டுப்பாதையில் திரும்பியதும் முதல் பள்ளம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடி விழவில்லை. வண்டி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது, ஏறியது, நிற்கவே இல்லை. "பாத்தியா! பாத்தியா!" என்று என் கணவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கூவினார். நானோ பனைமரத்தடியில் இறங்கி வாந்தி எடுத்தேன். பின்னால் வைத்திருந்த முட்டைத் தட்டில் ஏழு உடைந்திருந்தன. மறுநாள் மிளகாய்க் களத்துக்கு எட்டு ஆட்களை ஏற்றிப்போனபோது பின்னால் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தொட்டி இறங்கி டயரில் உரசியிருந்தது.

பட்டறைக்குத் திரும்பினோம். ஆசாரி பக்கத்துக்கு ஒரு பட்டையைத் திரும்பச் சொருகினார். பிறகு ஷாக் அப்சார்பர் ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இழுத்தேன். வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி லொடக்கென்று வந்தது. உள்ளிருக்கும் எண்ணெயால் ஆட்டத்தைச் சூடாக மாற்றி அடக்க வேண்டியது அதுதான், அதில் சொட்டு எண்ணெய்கூட இல்லை. முன்பு ஸ்பிரிங் அசையாமலே இருந்ததால் இது செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை.

அந்த அளவு காரைக்குடியில் கிடைக்கவில்லை. சாமியாருக்குச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் என் கணவர் பஸ் ஏறி மதுரைக்குப் போனார். சாயங்காலம் நான்கு ஷாக் அப்சார்பரைச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆசாரி அப்போதே பூட்டிக் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. சாமியார் ரோட்டில் காத்திருந்தார். முப்பது முட்டைத் தட்டைத் தொட்டியில் வைத்துவிட்டு, முன்னால் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் ஏறி, தட்டின் பக்கத்திலேயே சம்மணம் போட்டார். "நான் பாத்துக்கிட்டே வரணும்."

என் கணவர் ஓட்டினார். நான் முன்னிருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே சாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் பள்ளத்தில் அவர் கம்பியை இறுக்கிப் பிடித்தார். மூன்றாவதில் ஒரு கையை எடுத்தார். ஆற்றில் இறங்கி ஏறியபோது இரண்டு கையும் மடியில் இருந்தன. வாயசைவைப் பார்த்தால் ஏதோ பாடிக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் பாதி ஊர் நின்றது. சாமியார் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்தார். இருபத்து மூன்றாவதில் நின்றார். நகக்கீறல் போல ஒரு விரிசல்.

"ஒண்ணுகூட உடையாமன்னு சொன்னேன்" என்றார்.

என் கணவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"ஆனா என் இடுப்பு நல்லாருக்கு தம்பி. மாட்டு வண்டியில வந்தாலும் இப்புடி வந்திருக்க மாட்டேன். திங்கக்கிழமை போய் மாதாவை எடுத்தாங்க."

ஆரவாரத்தில் காக்கைகள் பறந்தன. சாமியார் அந்த முட்டையை வீணாக்காமல், அங்கேயே ஒரு தூக்குச்சட்டியில் உடைத்து ஊற்றச் சொன்னார்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் போனேன். ஆசாரியும் பட்டறையைச் சாத்திவிட்டு, "என் வேலைய நான் பாக்க வேணாமா?" என்று ஏறிக்கொண்டார். வைக்கோல் அடைத்த மரப்பெட்டி. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர், தொட்டியில் உட்கார்ந்து பெட்டியை அணைத்துக்கொண்டோம். பலகை இடுக்கில் நீலத் துணியின் மடிப்பும், கூப்பிய விரல்களின் நுனியும் தெரிந்தன. நான் அந்த நுனியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஆற்றுக்கரை இறக்கத்தில் என் கணவர் நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டு, "பிடிச்சுக்கங்க!" என்று கத்தினார். வண்டி முன்னால் அமிழ்ந்து, ஒரே ஒரு முறை எழுந்து, அப்படியே அமைதியானது. ஆசாரி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊர் எல்லையிலேயே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. வேட்டு வெடித்தது. பெட்டியை இறக்கிப் பலகையைப் பெயர்த்து, சாமியார் வைக்கோலை ஒவ்வொரு பிடியாக எடுத்தார். விரல் பத்தும் இருந்தன. மூக்கு, கிரீடம், காலடி ரோஜா எல்லாம் இருந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் பாடிக்கொண்டே மாதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. என் கணவரையும் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஆசாரியைத் தேடினேன். கோயில் வாசலில் வேட்டுத் தாள் குப்பைக்கு நடுவே, வண்டியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்தேன். அவர் ஷாக் அப்சார்பரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கு டீச்சர்!" என்றார். "நல்லா வேலை செய்யுது. நீங்களும் தொட்டுப் பாருங்க."